பறக்காத நேரத்துக்கு யார் பணம் தருவது? மீட்பு ஹெலிகாப்டர்களின் செலவுக் கணக்கு

மீட்பு ஹெலிகாப்டர் சேவைக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி அது பறக்கும் நேரத்துக்கு ஆவதில்லை. பறக்காமல் காத்திருக்கும் நேரத்துக்கே ஆகிறது. இதைப் புரிந்துகொண்டால், யார் எப்படிப் பணம் தர வேண்டும் என்ற விவாதத்தில் பாதி தெளிந்துவிடும். இதை மறந்து வகுத்த திட்டங்களில் சில நோயாளிகளைக் கடனாளி ஆக்கியிருக்கின்றன. சில, விமானிகளைப் போகக்கூடாத வானிலைக்குள் போகத் தூண்டியிருக்கின்றன.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் இருக்கிறது. விடுப்பு, ஓய்வு, பயிற்சி எல்லாம் போக ஒரு விமானி ஆண்டுக்கு 1,700 அல்லது 1,800 மணி நேரம் பணியில் இருக்கலாம். ஆக, இரவும் பகலும் ஒரே ஒரு விமானி இருக்கையை நிரப்பி வைக்க ஐந்து விமானிகள் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும். அவருக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவர் வேண்டும், ஒரு துணை மருத்துவப் பணியாளர் வேண்டும். கடல் மீட்பும் மலை மீட்பும் செய்யும் தளமென்றால், ஆளைக் கயிற்றில் இறக்கி ஏற்றும் வின்ச் எந்திரத்தை இயக்க ஓர் ஆள், கயிற்றில் தொங்கி இறங்க ஓர் ஆள். நான்கு இருக்கை என்று வைத்துக்கொண்டாலே இருபது பேர். அழைப்பு ஒன்றும் வராத நாளிலும் அந்த இருபது பேரின் சம்பளம் நிற்காது.

அதோடு முடியவில்லை. ஒரு ஹெலிகாப்டர் பராமரிப்புக்குப் போகும்போது அதன் இடத்தில் நிற்க இன்னொன்று வேண்டும். எஞ்சினையும் கியர் பெட்டியையும் சுழலி இறக்கைகளையும் இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சோதிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் நாள்கணக்கில் காலாவதியாகும் பாகங்களும் உண்டு. இரவில் பறக்க இருள்நோக்குக் கண்ணாடிகள் வேண்டும். அவற்றை மாட்டிக்கொண்டு பறக்கும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க, யாரையும் காப்பாற்றாத பயிற்சிப் பறப்புகள் வேண்டும். இதையெல்லாம் பார்த்தால் எரிபொருள் சின்னச் செலவு. ஹெச்145 போன்ற இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டர் மணிக்குச் சுமார் 250 கிலோ எரிபொருள் குடிக்கும். ஒரு நாளில் மூன்று அழைப்புகள் வந்தாலும் அன்றைய எரிபொருள் செலவு, அன்று பணியில் இருந்தவர்களின் சம்பளத்தையும் எந்திரத்தின் தவணையையும் நெருங்காது.

இதிலிருந்து விசித்திரமான ஒரு முடிவு வருகிறது. ‘ஒரு மீட்புக்கு எவ்வளவு செலவாகிறது?’ என்ற கேள்விக்கு நிலையான விடை கிடையாது. ஒரு தளத்துக்கு ஆண்டில் 1,500 அழைப்புகள் வந்தால் ஒரு பங்கு, 500 அழைப்புகள் வந்தால் மூன்று பங்கு. அதே எந்திரம், அதே ஆட்கள், அதே தூரம். அந்த ஆண்டில் வேறு எத்தனை பேருக்கு அடிபட்டது என்பதைப் பொறுத்து உங்கள் கால் முறிவின் விலை மாறுகிறது. இப்படிப்பட்ட ஒரு தொகையை எழுதி அடிபட்டவர் கையில் பில்லாகக் கொடுப்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

கடலில் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிட்டது. 1979-இல் ஹாம்பர்க் நகரில் உருவான கடல்சார் தேடல், மீட்பு ஒப்பந்தம், கரையோர நாடுகள் மீட்பு அமைப்பை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆபத்தில் இருப்பவர் எந்த நாட்டவர், என்ன தகுதி உள்ளவர், எந்தச் சூழ்நிலையில் மாட்டிக்கொண்டார் என்று பாராமல் உதவ வேண்டும் என்றும் சொல்கிறது. அதனால் கடல் மீட்பு ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் கடலோரக் காவல் படையின் பொறுப்பிலோ ராணுவத்தின் பொறுப்பிலோ இருக்கின்றன, பணம் அரசுடையது. நிலத்தில் விபத்தில் சிக்கியவருக்கு அப்படியொரு சர்வதேச ஒப்பந்தம் இல்லை. அங்கே ஒவ்வொரு நாடும் தன் வரலாறு போன போக்கில் ஒரு வழியைப் பிடித்திருக்கிறது.

இந்த வேறுபாட்டை ஒரே மனிதரின் வேலையில் பார்க்கலாம். பிரிட்டனின் இளவரசர் வில்லியம் 2010 முதல் 2013 வரை ஆங்கிள்சி தீவிலுள்ள விமானப்படைத் தளத்திலிருந்து மஞ்சள் நிற சீ கிங் மீட்பு ஹெலிகாப்டரை ஓட்டினார். 2015 முதல் 2017 வரை ஈஸ்ட் ஆங்கிலியன் ஏர் ஆம்புலன்ஸ் என்ற அமைப்பில் ஓட்டினார். முதல் வேலையில் எரிபொருளிலிருந்து சம்பளம்வரை எல்லாம் வரிப்பணம். இரண்டாவது வேலையில் அந்த ஹெலிகாப்டர் எழும்பியதே மக்கள் போட்ட நன்கொடையில். கடலில் தத்தளிப்பவருக்குப் போவது அரசின் கடமை. நெடுஞ்சாலையில் நசுங்கிக் கிடப்பவருக்குப் போவது அறக்கட்டளையின் கருணை. இப்படித்தான் அந்த நாட்டில் எல்லை பிரிந்திருக்கிறது.

விமானப்படையும் கடற்படையும் செய்த வேலையை 2015-இல் பிரிஸ்டோ என்ற தனியார் நிறுவனம் கடலோரக் காவல் படையின் சார்பில் ஏற்றது. பத்தாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 160 கோடி பவுண்டு. பணம் யாருடையது என்பதும் ஹெலிகாப்டரை ஓட்டுவது யார் என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள் என்பதை இது காட்டுகிறது. அரசு நிதி தரலாம், தனியார் ஓட்டலாம். விவாதங்களில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏர் ஆம்புலன்ஸ் சேவை முழுக்க அறக்கட்டளைகளின் கையில் இருக்கிறது. 1987-இல் கார்ன்வாலில் முதல் ஹெலிகாப்டர் தொடங்கியது. வாரம் ஒரு பவுண்டு கட்டிச் சேரும் குலுக்கல் சீட்டு, பழைய துணிகளும் புத்தகங்களும் விற்கும் கடைகள், மாரத்தான் ஓட்டம், இறந்தவர்கள் உயிலில் எழுதிவைத்த சொத்து என்று பல வழிகளில் பணம் வருகிறது. சில இடங்களில் மருத்துவப் பணியாளர்களின் சம்பளத்தைப் பொதுச் சுகாதார அமைப்பு ஏற்றுக்கொள்கிறது. ஸ்காட்லாந்தில் மட்டும் அரசு ஹெலிகாப்டர்களும் அறக்கட்டளை ஹெலிகாப்டர்களும் சேர்ந்து இயங்குகின்றன.

இந்த முறையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. லண்டன் ஏர் ஆம்புலன்ஸ் 1989-இல் தொடங்கியதிலிருந்து செய்த பல காரியங்களை, ஒவ்வொரு ரூபாய்க்கும் மேலிடத்தில் கையெழுத்து வாங்க வேண்டிய துறை ஒன்று அவ்வளவு சீக்கிரம் செய்திருக்காது என்றே நினைக்கிறேன். கத்திக்குத்து பட்டு இதயம் நின்றவரின் மார்பைச் சாலையோரத்திலேயே திறந்து அறுவை செய்யும் துணிச்சல் அந்த மருத்துவர்களுக்கு வந்தது. உடைந்த இடுப்பெலும்புக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவரின் மகாதமனிக்குள் ஒரு சிறு பலூனைச் செலுத்தி ஊதி, ரத்தப்போக்கைத் தடுக்கும் முறையை 2014-இல் அவர்கள் மருத்துவமனைக்கு வெளியே கொண்டுவந்தார்கள். இந்த மாதிரிப் புதுமைக்கு அறப்பணம் மிகப் பொருத்தமான பணம். தோற்கவும் அதற்கு அனுமதி உண்டு.

ஆனால் அன்றாடச் சம்பளத்தையும் அதே பணம்தான் சுமக்க வேண்டும் என்றால் சிக்கல் தொடங்குகிறது. நன்கொடை, கொடுப்பவர்கள் வாழும் இடத்தில் சேர்கிறது. விபத்து அப்படி இடம் பார்த்து நடப்பதில்லை. வசதியான மாவட்டத்தில் புது ஹெலிகாப்டர் நிற்க, மக்கள் குறைந்த ஏழ்மையான பகுதியில் இரவுப் பணிக்கு ஆள் வைக்கப் பணம் போதாமல் போகலாம். பல அறக்கட்டளைகள் பல ஆண்டுகள் பகலில் மட்டுமே பறந்தன. மருத்துவத் தேவை அப்படி இருந்ததால் அல்ல, திரட்ட முடிந்த நிதி அவ்வளவுதான் என்பதால். உயிலில் வரும் தொகையை அடுத்த ஆண்டு வரவுசெலவில் எழுத முடியாது. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது ஓட்டங்கள் நின்றன, கடைகள் மூடின. விமானிகளுக்குச் சம்பளம் மட்டும் மாதாமாதம் தர வேண்டியிருந்தது.

சுவிட்சர்லாந்து இதே சிக்கலை வேறு வழியில் எதிர்கொண்டது. ரேகா என்ற வான்வழி மீட்பு அமைப்பு 1952-இல் தொடங்கியது. அறுபதுகளில் பணமில்லாமல் தள்ளாடி, அரசிடம் மானியம் கிடைக்காதபோது, 1966-இல் நேராக மக்களிடமே போய் ஆதரவாளராகச் சேரும்படி கேட்டது. இன்று சுமார் 90 லட்சம் மக்கள் உள்ள நாட்டில் 36 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் ஆதரவாளர்கள். தனிநபர் ஆண்டுத்தொகை 40 பிராங்க். அந்தப் பணம்தான் ரேகாவின் வருமானத்தில் பாதிக்கு மேல். 1414 என்ற எண்ணை அழைத்தால், வானிலை இடம்கொடுத்தால், வலே மாகாணம் நீங்கலாக நாட்டின் எந்த மூலைக்கும் பதினைந்து நிமிடப் பறப்பில் வந்துசேரும்படி தளங்களை அமைத்திருக்கிறார்கள். வலேயில் ஏர் செர்மாட், ஏர் கிளேசியர்ஸ் என்ற வேறு இரண்டு அமைப்புகள் பறக்கின்றன. மலைச்சரிவில் விழுந்து அடிபட்ட மாட்டைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கீழே இறக்கிக் கொடுப்பதும் ரேகாவின் வேலைகளில் ஒன்று. மலை விவசாயிக்கு அது சின்ன விஷயமில்லை.

இதில் கவனிக்க வேண்டியது சட்ட நுணுக்கம். ஆதரவாளர் தொகை காப்பீடு அல்ல. பறந்ததற்குப் பில் உண்டு. அதை முதலில் காப்பீட்டு நிறுவனம் தர வேண்டும். அடிப்படை மருத்துவக் காப்பீடு மீட்புச் செலவில் பாதியை, ஆண்டுக்கு 5,000 பிராங்க் வரம்புக்குள் தருகிறது. காப்பீடு தராத மீதியை ஆதரவாளருக்குத் தள்ளுபடி செய்ய ரேகாவுக்கு உரிமை உண்டு, கட்டாயம் இல்லை. நடைமுறையில் தள்ளுபடி செய்கிறார்கள். ஐந்தில் இரண்டு பேர் சந்தா கட்டும் அளவுக்கு ஒரு சமூகம் அந்த நிறுவனத்தை நம்பினால் இந்த முறை அருமையாக ஓடும். அந்த நம்பிக்கை வளர அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. நாட்டின் பெரும்பகுதி மலையாக இருப்பதும் பனிச்சறுக்கு அங்கே அன்றாட வாழ்க்கையின் பகுதியாக இருப்பதும் அதற்கு உதவின. வேறொரு நாடு இந்த முறையை ஓர் அரசாணையால் நகலெடுத்துவிட முடியாது.

பறந்தால்தான் பணம் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் அனுபவம் அதைக் காட்டுகிறது. விமான நிறுவனங்களுக்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்தி 1978-இல் ஒரு சட்டம் வந்தது. விமான நிறுவனங்களின் கட்டணங்களையும் வழித்தடங்களையும் மாநில அரசுகள் நெறிப்படுத்தக்கூடாது என்பது அதன் ஒரு பகுதி. ஏர் ஆம்புலன்ஸும் சட்டத்தின் கண்ணில் விமான நிறுவனம்தான். ஆகவே எந்த மாநிலமும் ‘இங்கே போதுமான ஹெலிகாப்டர்கள் இருக்கின்றன, இனி வேண்டாம்’ என்றோ ‘இதற்கு மேல் கட்டணம் வாங்காதே’ என்றோ சொல்ல முடியவில்லை. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2002-இல் புதிய கட்டண அட்டவணையைக் கொண்டுவந்தபின், ஹெலிகாப்டர் தொழிலில் லாபம் இருக்கிறது என்று முதலீட்டாளர்களுக்குத் தெரிந்தது.

1999-க்கும் 2008-க்கும் இடையே அந்நாட்டில் மருத்துவ ஹெலிகாப்டர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரு மடங்கானது. ஏற்றிச்செல்லப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை கூடியதோ சுமார் மூன்றில் ஒரு பங்கு. மேலே போட்ட கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். ஹெலிகாப்டர்கள் பெருகி, ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் அழைப்புகள் குறைகின்றன; காத்திருப்புச் செலவு அப்படியே இருக்கிறது; அதைக் குறைந்த எண்ணிக்கையிலான நோயாளிகள் பங்குபோட வேண்டும். சந்தையில் போட்டி வந்தால் விலை இறங்கும் என்பார்கள். இங்கே போட்டியால் விலை ஏறியது. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2019-இல் தந்த அறிக்கைப்படி, 2017-இல் ஒரு ஹெலிகாப்டர் பயணத்துக்குக் கேட்கப்பட்ட இடைநிலைத் தொகை சுமார் 36,400 டாலர். தனியார் காப்பீடு வைத்திருந்தவர்களின் பயணங்களில் 69 சதவீதம், அவர்களின் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தமே இல்லாத நிறுவனங்களின் ஹெலிகாப்டரில் நடந்தவை. மயங்கிக் கிடப்பவர் எந்த நிறுவனத்தின் ஹெலிகாப்டர் தனக்கு வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதில்லை என்ற எளிய உண்மை அந்தச் சந்தைக்குத் தெரியவே இல்லை.

கடைசியில் கூட்டாட்சி அரசு தலையிட வேண்டியிருந்தது. எதிர்பாராத மருத்துவ பில்களைத் தடுக்கும் சட்டம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்தாலும் காப்பீடு உள்ள நோயாளியிடம் மீதியைக் கேட்கக்கூடாது. காப்பீட்டு நிறுவனமும் ஹெலிகாப்டர் நிறுவனமும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும். நோயாளிக்குப் பெரிய நிம்மதி. ஆனாலும் பறந்தால்தான் வருமானம் என்ற அடித்தளம் மாறவில்லை. மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றான ஏர் மெத்தட்ஸ் 2023 அக்டோபரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

பணத்தைவிடக் கவலை தருவது பாதுகாப்பு. நள்ளிரவில் அழைப்பு வருகிறது, மேகம் தாழ்ந்திருக்கிறது, போகலாமா வேண்டாமா என்று விமானி முடிவெடுக்க வேண்டும். ‘முடியாது’ என்று சொன்னால் நிறுவனத்துக்கு வருமானம் பூஜ்யம், சொல்லாவிட்டால் பல்லாயிரம் டாலர். விமானியிடம் இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. தளம் நட்டத்தில் ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும். அமெரிக்க மருத்துவ ஹெலிகாப்டர் வரலாற்றில் 2008 மிக மோசமான ஆண்டு. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2009-இல் பல நாள் பொது விசாரணை நடத்தியது. அதன் பரிந்துரைகளில் எந்திரங்களும் பயிற்சியும் மட்டும் இல்லை. பாதுகாப்பின் தரத்துக்கு ஏற்ப மெடிகேர் தரும் கட்டணம் மாற வேண்டுமா என்று ஆராயும்படியும் வாரியம் கேட்டது. விபத்தை ஆராய்பவர்கள் பில் போடும் முறையைக் கேள்வி கேட்டார்கள் என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

நேர்மையாக இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே 2008-இல், அதே நாட்டின் மேரிலாண்ட் மாநிலத்தில் மாநிலக் காவல்துறையின் மருத்துவ ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து நால்வர் இறந்தார்கள். மேரிலாண்டில் 1970 முதல் காவல்துறைதான் விபத்தில் சிக்கியவர்களைப் பறந்து ஏற்றுகிறது. நோயாளிக்குப் பில் கிடையாது; வாகனப் பதிவோடு வசூலிக்கும் ஒரு சிறு கூடுதல் தொகையிலிருந்து நிதி வருகிறது. பணம் கேட்காத சேவையிலும் மோசமான வானிலையில் ஹெலிகாப்டர் விழும். நிதி முறையைச் சரிசெய்தால் விபத்தே இருக்காது என்று யாரும் சொல்ல முடியாது. விமானியின் தோளிலிருந்து ஓர் அழுத்தத்தை இறக்கிவைக்கலாம், அவ்வளவுதான்.

பறந்தால் பணம் என்ற முறை, கண்காணிப்பு இல்லாத இடத்தில் இன்னும் கீழே போகும். நேபாளத்தில் மலையேறும் வெளிநாட்டவர்களின் பயணக் காப்பீட்டை வைத்து நடந்த மோசடி 2018-இல் வெளிப்பட்டது. லேசான தலைவலிக்குக்கூட ஹெலிகாப்டரை அழைக்கச் சொல்லி வற்புறுத்துவது, ஒரே பறப்பில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு நான்கு காப்பீட்டு நிறுவனங்களிடமும் முழுத்தொகை கேட்பது, வழிகாட்டிக்கும் மருத்துவமனைக்கும் தரகு போவது என்று அரசு விசாரணைவரை போனது. மலையேறிகளின் வயிற்றைக் கெடுக்கச் சாப்பாட்டில் சமையல் சோடா கலந்தார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. நேபாளப் பயணிகளுக்குக் காப்பீடே தரமாட்டோம் என்று வெளிநாட்டு நிறுவனங்கள் எச்சரித்தன. அங்கேயும் உயிரைப் பணயம் வைத்து ஆறாயிரம் மீட்டருக்கு மேல் போய் மனிதர்களை மீட்ட விமானிகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பறப்பும் ஒரு பில் என்றானபோது அவர்களின் பெயரும் சேர்ந்தே கெட்டது.

ஜெர்மனி இடைப்பட்ட வழியில் போகிறது. 1969 மே மாதம் எட்டு வயதுச் சிறுவன் பியோர்ன் ஸ்டைகர் நீச்சல் குளத்திலிருந்து வீடு திரும்பும்போது கார் மோதி விழுந்தான். ஆம்புலன்ஸ் வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. காயத்தால் அல்ல, ‘ஷாக்’ எனப்படும், ரத்த ஓட்டம் சரியும் நிலையால் இறந்தான். அவன் பெற்றோர் தொடங்கிய அறக்கட்டளையின் முயற்சியில் டிஆர்எஃப் என்ற வான்மீட்பு அமைப்பு உருவானது. அதற்கு முன்பே, 1970 நவம்பர் 1 அன்று, மியூனிக்கில் ‘கிறிஸ்டோஃப் 1’ ஹெலிகாப்டர் பணியைத் தொடங்கியிருந்தது. அந்த ஆண்டு மேற்கு ஜெர்மனியின் சாலைகளில் இறந்தவர்கள் 19,000-க்கும் மேல். இன்று அங்கே பெரும்பகுதிச் செலவைச் சட்டப்படியான மருத்துவக் காப்பீட்டு நிதியங்கள் தருகின்றன. எதிர்பார்க்கும் செலவை வைத்துப் பேரம்பேசி, பறக்கும் நிமிடத்துக்கு இவ்வளவு என்று விலை வைக்கிறார்கள். நோயாளி கையில் பெரிய பில் வருவதில்லை. இருந்தாலும் நிமிடக் கணக்கு என்பது பறக்கத் தூண்டும் கணக்குதான். மழையும் பனியும் நீண்ட ஆண்டில் தளத்தின் வருமானம் சரிகிறது. பேரிடர் காலத்துக்கென்று கூட்டாட்சி அரசே வாங்கித் தந்த ஆரஞ்சு நிற ஹெலிகாப்டர்களும் அன்றாட மீட்பில் பறப்பது இந்த முறையின் நல்ல பகுதி.

அறப்பணத்திலிருந்து பொதுப்பணத்துக்கு மாறும் பயணத்தை முழுமையாக முடித்தவை நார்வேயும் டென்மார்க்கும். நார்வேயில் 1977-இல் ஒரு மருத்துவர் உறுப்பினர் சந்தாவை நம்பித் தொடங்கிய ஏர் ஆம்புலன்ஸை, 1988-இல் அரசு தேசியச் சேவையாக ஏற்றது. தொடங்கிய அமைப்பு அழிந்துவிடவில்லை. ஒப்பந்தத்தின்பேரில் அரசுக்காகப் பறக்கிறது, உறுப்பினர்கள் தரும் பணத்தை ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் திருப்பிவிட்டது. டென்மார்க்கில் 2010-இல் ஓர் அறநிதியத்தின் பணத்தில் சோதனை முயற்சியாக ஒரு ஹெலிகாப்டர் பறந்தது. பயன் தெரிந்தபின் 2014 அக்டோபரில் பொதுப்பணத்தில் நாடு தழுவிய சேவை வந்தது. அறப்பணம் வழிகாட்டட்டும், வழி சரியென்று தெரிந்தபின் பொதுப்பணம் பொறுப்பேற்கட்டும் என்ற இந்த வரிசைதான் எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

ஜப்பானிலும் மருத்துவர் ஹெலிகாப்டர் திட்டம் அரசுப் பணத்தில்தான் ஓடுகிறது. 1995-இல் கோபே நிலநடுக்கம் வந்தபோது முதல் நாளில் ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குப் போனவர் ஒரே ஒருவர் என்ற வெட்கக்கேடுதான் அதற்குத் தூண்டுதல். 2001-இல் தொடங்கி, 2007-இல் தனிச்சட்டம் வந்து, 2022-க்குள் எல்லா 47 மாகாணங்களையும் எட்டியது. மத்திய அரசும் மாகாணமும் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன, பறந்ததற்கு நோயாளி பணம் தருவதில்லை. ஆனால் 2025-இல் பராமரிப்புப் பணியாளர்கள் போதாமல் பல மாகாணங்களில் சேவை சில நாட்கள் நின்றுபோனது. மானியத் தொகையை ஒருமுறை நிர்ணயித்துவிட்டு, சம்பளமும் உதிரிபாக விலையும் ஏறுவதைப் பார்க்காமல் இருந்தால் வரிப்பண முறையும் உள்ளுக்குள் உளுத்துப்போகும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் வேறொரு எச்சரிக்கை. ஆர்ஞ்ச் என்ற ஏர் ஆம்புலன்ஸ் அமைப்புக்கு அரசு தாராளமாக நிதி தந்தது. கணக்குக் கேட்கவில்லை. அந்த அமைப்பு லாப நோக்குள்ள துணை நிறுவனங்களைக் கிளைவிட்டது. தலைவரின் சம்பளம் ஆண்டுக்கு 14 லட்சம் டாலர் என்பது பொதுமக்களுக்கு வெகுநாள் தெரியாமலே இருந்தது. 2012-இல் மாகாணத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது.

இனி, எல்லோரும் சூடாகப் பேசும் கேள்விக்கு வரலாம். தெரிந்தே மலையேறப் போய் மாட்டிக்கொண்டவரின் மீட்புக்கு ஊரார் ஏன் பணம் தர வேண்டும்?

ஜப்பானின் சைதாமா மாகாணத்தில் 2010-இல் மலை மீட்புக்குப் போன ஹெலிகாப்டர் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அந்தக் கோபமும் துயரமும் ஆறாமலே, 2018-இல் குறிப்பிட்ட மலைகளில் ஐந்து நிமிடப் பறப்புக்கு 5,000 யென் என்று கட்டணம் வைத்தார்கள். அந்த மக்களின் உணர்வு எனக்குப் புரிகிறது. இத்தாலியின் சில மாகாணங்களில் காயமில்லாமல் ஹெலிகாப்டரை அழைத்தவர் பணம் கட்ட வேண்டும். பிரான்ஸில் பொதுவாக மலை மீட்பு இலவசம். அதற்கும் ஒரு சோக வரலாறு உண்டு. 1956 டிசம்பரில் மோன் பிளாங்க் மலையில் வென்சன்டோன், ஆன்றி என்ற இரண்டு இளைஞர்கள் மாட்டிக்கொண்டார்கள். காப்பாற்றப் போன ராணுவ ஹெலிகாப்டரே அவர்கள் அருகில் விழுந்து நொறுங்கியது. விழுந்த ஹெலிகாப்டரில் வந்தவர்களை மீட்க முடிந்தது; இளைஞர்கள் இருவரும் மலையிலேயே இறந்தார்கள். நாடு முழுவதும் அதைச் செய்திகளில் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு முன் தன்னார்வலர்களை நம்பியிருந்த மலை மீட்பை 1958-இல் அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

கட்டணத்துக்கு எதிரான வாதம் கருணையைப் பற்றியது மட்டும் அல்ல, நேரத்தைப் பற்றியதும்கூட. பில் வரும் என்ற பயத்தில் கணுக்கால் பிசகியவர் ‘இன்னும் கொஞ்சம் நடந்து பார்ப்போம்’ என்று முடிவுசெய்வார். மாலை நான்கு மணிக்கு வந்திருக்க வேண்டிய அழைப்பு இரவு ஒன்பது மணிக்கு வரும். நான்கு மணிக்கு வெளிச்சம் இருந்தது, காற்று அடங்கியிருந்தது, தரையிறங்க இடம் தெரிந்தது. ஒன்பது மணிக்கு அதே வேலை இருள்நோக்குக் கண்ணாடியில், வின்ச் கயிற்றில், உடல் குளிர்ந்துபோன ஒருவரை ஏற்றும் வேலையாகிவிடும். மீட்புத் தன்னார்வலர்கள் பல நாடுகளில் கட்டணத்தை எதிர்ப்பதற்குக் காரணம் இதுதான். தாமதத்தின் விலையை அவர்கள் தங்கள் உயிரால் தருகிறார்கள். தீயணைப்பு வண்டி எரிந்த வீட்டுக்காரரிடம் தண்ணீருக்குக் காசு கேட்பதில்லை. சீக்கிரம் கூப்பிடுங்கள் என்றுதான் கேட்கிறது.

மலைக்குப் போகிறவர்கள் கூடுதலாக ஏதாவது தரத்தான் வேண்டுமென்றால் முன்கூட்டியே வாங்குவது நல்லது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலம் 2015 முதல் 25 டாலருக்கு ஓர் அட்டை விற்கிறது. அதை வாங்கியவர் கவனக்குறைவால் மாட்டிக்கொண்டாலும் மீட்புச் செலவைக் கட்ட வேண்டாம். அட்டை விற்ற பணம் மீட்பு நிதிக்குப் போகிறது. ஆஸ்திரிய ஆல்பைன் சங்கத்தின் உறுப்பினர் சந்தாவிலேயே 25,000 யூரோவரை மீட்புச் செலவுக்கான காப்பு அடங்கியிருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எடுக்கும் முடிவு அது. பாறை விளிம்பில் அலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டியதல்ல.

இதையெல்லாம் பார்த்தபின் என் முடிவு இது. தளத்தைத் தயாராக வைத்திருக்கும் செலவு முழுவதும் எல்லோரும் கட்டும் ஒரு பொது நிதியிலிருந்து, பறப்புகளின் எண்ணிக்கையைப் பாராமல், நிலையான ஆண்டுத் தொகையாக வர வேண்டும். அது பொது வரியாக இருக்கலாம், மேரிலாண்ட்போல வாகனப் பதிவோடு சேர்ந்ததாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2003 முதல் 2011 வரை ஆம்புலன்ஸ் சேவைக்கு மின்கட்டணத்தோடு ஒரு தொகை வசூலித்தது, அந்த மாதிரியும் இருக்கலாம். நியூசிலாந்தில் விபத்துக்கான செலவை, சம்பளத்திலும் வாகனத்திலும் பிடிக்கும் தீர்வையில் இயங்கும் விபத்து இழப்பீட்டுக் கழகம் தருகிறது. மாரடைப்பு போன்ற நோய்க்கான பறப்புக்குச் சுகாதாரத் துறை தருகிறது. மீதிக்கு ஊர் நன்கொடையும் வங்கி விளம்பர ஆதரவும் வேண்டியிருக்கிறது. தீர்வை நல்ல யோசனை. ஒரே ஹெலிகாப்டரின் ஒவ்வொரு பறப்புக்கும் ‘இது விபத்தா, நோயா’ என்று பிரித்துப் பில் அனுப்பும் வேலை தேவையில்லாதது. எந்த வழியில் வசூலித்தாலும் வசூல் பரவலாகவும் கட்டாயமாகவும் இருக்க வேண்டும் என்பதே முக்கியம். எரிபொருளும் பறக்கும் நேரத்தால் தேயும் பாகங்களும் மட்டும் பறப்புக் கணக்கில் வரட்டும். அதையும் அதே நிதியே தரட்டும்.

நன்கொடை கொடுப்பவர்களை விரட்டக்கூடாது. புதிய கருவி, ரத்தத்தை உடன் கொண்டுபோகும் வசதி, மருத்துவர் பயிற்சி, ஆராய்ச்சி என்று அந்தப் பணத்துக்கு வேலை நிறைய இருக்கிறது. அந்தப் பணம் ஓர் ஆண்டு வராவிட்டாலும் இரவுப் பணியில் ஆள் குறையக்கூடாது, அவ்வளவே நிபந்தனை. எந்த அழைப்புக்கு ஹெலிகாப்டர், எதற்குச் சாலை ஆம்புலன்ஸ் என்று தீர்மானிப்பவர் இரண்டிலும் வருமானப் பங்கு இல்லாத கட்டுப்பாட்டு மையத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். குறைந்த தூரத்துக்குச் சாலை வண்டியே விரைவாகப் போய்ச்சேரும் நேரங்கள் ஏராளம்.

ஒப்பந்தத்தில் எழுதவேண்டிய ஒரு விதி பலர் கண்ணில் படுவதில்லை. ஆள் இல்லாமலோ எந்திரம் பழுதாகியோ தளம் மூடிக்கிடந்தால் நிறுவனத்தின் தொகையில் பிடித்தம் செய்யலாம், செய்யவும் வேண்டும். வானிலையால் விமானி மறுத்தால் ஒரு காசுகூடப் பிடிக்கக்கூடாது. தயார்நிலைக்குப் பணம் தருகிறோம் என்று சொல்லிவிட்டு, மறுத்த அழைப்புகளைக் குறைபாட்டுப் பட்டியலில் சேர்த்தால் பழைய அழுத்தம் பின்வாசல் வழியாக வந்துவிடும். ஒவ்வொரு தளமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டிய கணக்கில் பறந்தவை எத்தனை, திரும்பி வந்தவை எத்தனை, மறுத்தவை எத்தனை, மறுத்ததற்காகப் பிடித்த தொகை எவ்வளவு என்று நான்கு எண்கள் இருக்கட்டும். கடைசி எண் பூஜ்யமாக இல்லாத தளத்தின் ஒப்பந்தத்தை அந்த ஆண்டே திருத்தி எழுத வேண்டும்.